கரடி சொன்ன சபாஷ்

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மறுநாளே, நீ பயிற்சி நிறுவனத்தாரிடம் அனுப்பச் சொன்ன அட்டைப்பெட்டியும் வந்தது. நானும் பாப்பாவும் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எழுது.

பெட்டியில் இருந்தவை: ஒரு டேப்லெட், கைக்கடிகாரம் மாதிரி ஒரு ரப்பர் பட்டை, நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு. கையேட்டின் முதல் பக்கத்திலேயே மூன்று பிழைகள். பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். அட்டையில் தொப்பி போட்ட ஒரு கரடிக்குட்டி நின்றுகொண்டு, "வா, உணர்வுகளோடு விளையாடலாம்" என்கிறது. இது முப்பத்து மூன்று வயதான என் மகளுக்கு.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உன் ஊரில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் தங்குகிறார்கள். இரண்டு மருத்துவமனைகளின் துணியைத் துவைத்து மடித்துக் கொடுக்கும் சலவைக்கூடம் ஒன்றை அவர்களே நடத்துகிறார்கள். ஜூன் மாதம் ஓர் இடம் காலியாகிறது. அது வேண்டுமானால் பாப்பா இந்தத் திரைக்கு முன்னால் பன்னிரண்டு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, உட்கார வேண்டும். பட்டை அவள் கையில் இருந்து நாடியையும் நடையையும் படபடப்பையும் எழுதி அனுப்பும். அறிக்கை உனக்கும் இல்லத்துக்கும் வரும். ஆளை நேரில் பார்த்துச் சேர்த்துக்கொள்வதெல்லாம் பழங்காலத்து வழக்கம் போலிருக்கிறது.

இவளுக்கு எழுத்தே வராது என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். ஏழு வயதில் வாசித்தாள். பதினைந்தில் டைப் அடித்தாள். எந்தக் கரடியும் வந்து கைதட்டவில்லை. பேச்சு குறைவு, அவ்வளவுதான். அதிகம் பேசுகிறவர்கள் என்ன சாதித்துவிட்டார்கள்?

பயிற்சிக்குச் சம்மதிக்கிறேன். இது உதவாது என்று உனக்கு எழுத்தில் காட்ட வேறு வழியில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றால் அது வேறென்ன செய்யும்? உங்கள் உடம்பும் பாப்பாவின் உடம்பும் நன்றாக இருக்கிறதா?

கேட்டதற்குக் காரணம் உண்டு. உங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா போன வாரம் எனக்குப் போன் செய்தார். அக்டோபரில் நீங்கள் குளியலறையில் விழுந்தீர்களாம். மூன்று மணி நேரம் தரையிலேயே கிடந்தீர்களாம். பாப்பா உங்கள் மேல் துண்டைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். யாரையும் கூப்பிடவில்லை. மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று தையல்காரம்மா ஏறி வந்து பார்த்திருக்கிறார். அதே அக்டோபரில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "இருவரும் நலம்" என்றுதான் இருக்கிறது.

உங்களுக்கு எழுபத்து நான்கு. எனக்கு அறுபத்து மூன்று. நமக்குப் பிறகு அவளுக்கு யார்? என் மேல் கோபப்படுங்கள், ஆனால் இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கோபப்படுங்கள். இந்த இல்லத்தில் கடைசியாக ஓர் இடம் காலியானது ஆறு வருடத்துக்கு முன்பு. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
தங்கை

*

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிந்தேன்.

தையல்காரிக்குத் தைக்கத் துணி கிடைக்காவிட்டால் சொல், நான் கொடுக்கிறேன். மற்றவர்கள் குளியலறையைப் பற்றிப் போன் செய்ய வேண்டாம்.

முதல் வியாழக்கிழமை. சரியாகப் பத்துக்குத் திரை விழித்துக்கொண்டது. குதித்துக்கொண்டு கரடி வந்தது. பாட்டு. பிறகு டீச்சரம்மா. இருபத்தைந்து வயது இருக்கும். காதில் ஒரு குழாய், பின்னால் வரைந்து வைத்த புத்தக அலமாரி. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். "ஹாய் செல்லம், இன்னைக்கு நம்ம மனசு என்ன கலர்?" என்றாள். பாப்பா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு நிறைவாகப் பட்ட பதில் வேறில்லை.

பட்டையையும் மூன்றே நிமிடத்தில் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டுவிட்டாள். அது நாள் முழுக்கக் கையில் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த வாரத்து வருகை செல்லாதாம். சாயங்காலம் திரையில் சிவப்பு எழுத்தில், "வருகை இல்லை" என்று வந்தது.

கான்வென்ட்டில் பதினொரு வருடம் படித்தேன். என் பெயருக்கு எதிரே ஒரு நாளும் சிவப்பு மை பட்டதில்லை. காய்ச்சலோடு போனதற்கு மதர் சுப்பீரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், போகாததற்கு வாங்கியதில்லை.

முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் கேமராவை மூடிவிட்டுப் பதில்களை எழுதி அனுப்பலாம், பலருக்கு அதுதான் சுலபம் என்று டீச்சரம்மா செய்தி அனுப்பியிருந்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து வருகை ஒழுங்காகப் பதிவாகிறது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகமா?

முதல் அறிக்கை வந்துவிட்டது. ஒரு வாரம் தவிர முழு வருகை! பட்டையும் கழற்றாமல் போட்டிருக்கிறாளாமே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

மதிப்பெண்தான் கொஞ்சம் குறைவு. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் பகுதியில் இருபதுக்கு ஐந்து. அழுகிற பெண்ணின் படத்துக்கு "நடிப்பு" என்று எழுதியிருக்கிறாள். சலித்துப்போன பையனுக்கு "வளர்ப்பு சரியில்லை." தோழி அரை மணி தாமதமாக வந்தால் என்ன சொல்வாய் என்ற கேள்விக்கு, "கதவைத் திறக்க மாட்டேன்." சத்தமாகச் சிரித்துவிட்டேன், கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்களிடம் வளர்ந்தவள் வேறு எப்படி எழுதுவாள்?

"பயனாளருக்குப் பிறர் மனநிலையை ஊகிப்பதில் கடும் சிரமம் உள்ளது. தன் கருத்தை மாற்றிக்கொள்ள மறுக்கிறார். அன்பான தொடர் பயிற்சி தேவை" என்று போட்டிருக்கிறார்கள். மனம் தளர வேண்டாம் அக்கா. இல்லத்தில் மதிப்பெண்ணைவிட வருகையைத்தான் பார்ப்பார்களாம்.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 5

தங்கைக்கு,

நலம். படிக்கட்டு மட்டும் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் கட்டிய லட்சணம் அப்படி.

இருபதுக்கு ஐந்து என்பது அநியாயம். ஒன்பதாம் படத்தில் ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். "ஆச்சரியம்" என்பது அவர்கள் விடை. வாயை மூடத் தெரியாததற்குப் பெயர் ஆச்சரியமா? பதினான்காம் படத்தில் இருப்பவன் "வெட்கப்படுகிறான்" என்கிறார்கள். திருடிவிட்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. நாற்பது வருடம் வீட்டுக்கு வந்த பேர்வழிகளை முகம் பார்த்தே எடை போட்டவர்களுக்கு இந்தக் கார்ட்டூன் மூஞ்சிகளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

போன வியாழன் மூச்சுப் பயிற்சி. கரடியின் வயிறு உப்பும்போது நாம் மூச்சை இழுக்க வேண்டும். வயிறு சுருங்கும்போது விட வேண்டும். கரடி நல்ல ஆரோக்கியம் போலிருக்கிறது, அதோடு ஈடுகொடுக்க முடியவில்லை. முடிந்ததும், "சபாஷ்! நீ ஒரு மூச்சு வீரர்!" என்று கைதட்டியது. தவறு செய்தாலும் சபாஷ், சும்மா இருந்தாலும் சபாஷ். எங்கள் சிஸ்டர்கள் பதினொரு வருடத்தில் என்னிடம் இரண்டு முறை "குட்" என்றார்கள். இரண்டு நாளும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இந்தக் கரடி சொன்ன ஒரு சபாஷாவது யாருக்காவது நினைவிருக்குமா?

பாப்பா நலம். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தன் வேலைக்குப் போய்விடுவாள்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதறிப்போய் எழுதுகிறேன். போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்களே.

பட்டையின் அறிக்கை வந்திருக்கிறது. பாப்பாவின் நாடித்துடிப்பு ஒழுங்காக இல்லை. ஓடுகிறது, தவறுகிறது, மறுபடி ஓடுகிறது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நான்கு நிமிடம் நிற்கிறாள். ஒரு நாள் மட்டும் இல்லை, தினமும். முப்பத்து மூன்று வயதில் இப்படி இருக்கவே கூடாது, உடனே இதய டாக்டரிடம் காட்டுங்கள் என்று பயிற்சி நிறுவனத்தின் டாக்டர் எழுதியிருக்கிறார்.

உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையா? மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், நீங்கள்தான் பார்க்க வேண்டும். கடிதம் கண்டதும் அழைத்துப் போங்கள்.

தங்கை

*

மார்ச் 28

தங்கைக்கு,

பாப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். நேற்று அரிசி மூட்டையை ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்கி வந்தாள்.

பட்டை பழுது. கரடியை நம்புகிறவர்கள் செய்த கருவி வேறு எப்படி இருக்கும்? வேறு அனுப்பச் சொல்.

மற்றபடி நலம்.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு பட்டை அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அதுவும் அதையேதான் சொல்கிறது. இரண்டு கருவிக்கும் ஒரே மாதிரி பழுது வராது. டாக்டரிடம் போனீர்களா என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இன்று இல்லத்தின் மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி. மூடி மறைக்காமல் சொன்னார்: "பன்னிரண்டு வாரமும் முடிச்சிருக்காங்க, எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா சலவைக்கூடத்துல நீராவி, நாள் பூரா நின்னு செய்யற வேலை. இந்த இதயத்தோட ஒருத்தரை நாங்க எப்படிம்மா சேர்த்துக்கிறது?" நான் கெஞ்சினேன். மே மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார். இதயம் சரியாக இருக்கிறது என்று டாக்டரின் கடிதம் வர வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்.

உங்களுக்கு இந்த இல்லம் பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். இந்த மௌனம் எனக்குப் புரியவில்லை.

தங்கை

*

மே 14

அன்புள்ள தங்கைக்கு,

இத்துடன் பாப்பாவை நேற்றுப் பரிசோதித்த டாக்டரின் கடிதம் இருக்கிறது. இதயம் முழு ஆரோக்கியம். இதை இன்றே மேலாளரிடம் கொடு. அதற்குப் பிறகு மேலே படி.

இரண்டாம் வாரத்திலிருந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தது நான். பதில் எழுதியது நான். பட்டை என் கையில்தான் இருந்தது. வருகைப் பட்டியலில் அவள் பெயர் சிவப்பில் நின்றதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு வாரம் என்று நினைத்துத்தான் செய்தேன். பிறகு அடுத்த வியாழன் வந்தது.

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகும் இருபது நாள் சும்மா இருந்தேன். நான் இதை எழுதக் காரணம் மனசாட்சி என்று நினைத்துவிடாதே. போன திங்கட்கிழமை அந்த டேப்லெட்டைத் திருப்பி அனுப்பலாமென்று துடைத்தேன். விரல் பட்டு ஏதோ ஒரு பக்கம் திறந்துகொண்டது. "உங்கள் மனதில் பட்டதை எங்களிடம் சொல்லுங்கள்" என்று மேலே எழுதியிருந்தது. அதில் பதினொரு செய்திகள். வியாழக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு, நான் படுத்திருக்கும் நேரத்தில், பாப்பா எழுதியவை.

முதலாவது: "இன்று எழுதியது அம்மா." இரண்டாவதும் அதுவே. நான்காவது: "இன்று எழுதியது அம்மா. பட்டை அம்மா கையில் இருக்கிறது." எட்டாவது: "படியில் நிற்பது அம்மா. நான் நிற்பதில்லை." கடைசி: "பன்னிரண்டில் நான் வந்தது ஒன்று. இரண்டு நிமிடம்."

ஒவ்வொன்றுக்கும் கீழே கரடி வந்து கைதட்டியிருக்கிறது. "சபாஷ்! மனதைத் திறந்து பேசிவிட்டாய்!" பதினொரு தடவை. ஒரு மனிதப் பிறவியும் அதைப் படிக்கவில்லை. நடையை எண்ணுகிறார்கள், நாடியை எண்ணுகிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள். அவள் உட்கார்ந்து தெளிவாக எழுதியதைப் படிக்க மட்டும் அங்கே ஆளில்லை.

இங்கேயும் இருக்கவில்லை.

அவளை அழைத்து, "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமே" என்றாள். உண்மைதான். எனக்கு முன்பே தெரிந்ததை என்னிடம் சொல்ல அவளுக்கு என்ன அவசியம்?

டீச்சரம்மாவுக்கும் எழுதிவிட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

இப்படிக்கு,
அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

டாக்டர் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு முறை படித்தார். "மகளைப் பத்தி எங்களுக்கு வந்த முதல் சரியான அறிக்கை இதுதான்" என்றார். இடம் ஜூலை வரை இருக்கும்.

பாப்பாவைப் பற்றி எழுதினீர்கள். திரையைப் பற்றி எழுதினீர்கள். கரடியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினீர்கள். படியில் தினமும் நான்கு நிமிடம் நிற்கிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மகளை டாக்டரிடம் அழைத்துப் போன அன்று, நீங்களும் அதே அறையில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?

தங்கை

*

ஜூலை 2

அன்புள்ள தங்கைக்கு,

டாக்டரைப் பார்த்தேன். அவர் இரண்டு வருடமாகச் சொல்வதையே மறுபடி சொன்னார். இந்தத் தடவை மாத்திரையை வாங்கிக்கொண்டேன். இதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

டீச்சரம்மா பதில் போட்டாள். அந்தச் செய்திகள் தன் கண்ணில் படவே இல்லை, தானாகப் பதில் போகும்படி வைத்திருக்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். சமாதானம் சொல்லாமல் வெட்கம் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. பிறகு பாப்பாவுக்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்பினாள். கரடி இல்லை, பாட்டு இல்லை. "உங்களுக்கு அந்த இல்லத்தில் இருக்க விருப்பமா?"

சொல்ல எனக்கே கூசுகிறது. ஜனவரியிலிருந்து நீயும் நானும் இத்தனை கடிதம் எழுதினோம். நாம் இருவரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

பாப்பா நாற்பது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டைப் அடித்தாள்: "பார்க்காமல் சொல்ல முடியாது." டீச்சரம்மா மேலாளரிடம் பேசி, சலவைக்கூடத்தில் ஒரு மூலையில் போனை நிறுத்தி, அங்கே நடப்பதை எங்கள் திரையில் காட்டச் சொல்லியிருக்கிறாள். யாரும் அதில் வந்து பேசவில்லை. மேஜை, துணி வண்டி, மடிக்கிற கைகள், அவ்வளவுதான். பாப்பா ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தாள். மறுநாளும் கேட்டாள். ஏழு நாள் பார்த்தாள். நான்காம் நாள் எங்கள் வீட்டுத் துண்டுகள் எல்லாம் அவர்கள் மடிக்கிற மாதிரி மூன்றாக மடிந்து அலமாரியில் இருந்தன. அந்தப் பெட்டியில் பட்டை, கரடி, நாற்பது பக்கக் கையேடு என்று வந்ததில், உருப்படியாகப் பயன்பட்டது ஒரு ஜன்னல் செய்கிற வேலை மட்டும்தான்.

எட்டாம் நாள் அவளே டீச்சரம்மாவுக்கு எழுதினாள். "போகிறேன். அம்மா கூட வர வேண்டாம். சித்தி வந்து கூட்டிப் போகட்டும்."

ஜூலை இருபதாம் தேதி வா. பெட்டியை அவளே அடுக்கிவிட்டாள். நான் அடுக்கியதை எடுத்து வெளியே வைத்துவிட்டு.

இப்படிக்கு,
அக்கா

*

செப்டம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். படியில் இரண்டு நிமிடம். உன் முழங்காலுக்குக் கொடுத்த தைலத்தைத் தடவு, அலமாரியில் அழகுக்கு வைக்காதே.

இல்லத்து வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனாய். சாயங்காலம், "பாப்பா என்ன சொன்னா, என்ன சொன்னா?" என்று நச்சரித்தாய். எதிரில் நின்று சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

அங்கே அவளை யாரும் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் தடவையிலேயே திரும்பினாள். நான் வைத்த பெயர்தான், நானே கூப்பிட்டு முப்பது வருடம் இருக்கும்.

சலவைக்கூடத்து வாசலில் நின்றேன். நீண்ட மேஜை. அவளும் கண்ணாடி போட்ட இன்னொரு பெண்ணும் எதிரெதிரே. என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. அந்தப் பெண் மடித்த விரிப்பில் ஒரு முனை கோணலாக இருந்தது. என் சுபாவம் உனக்குத் தெரியும். கையை நீட்டினேன். பாப்பா என் கைக்கு முன்னால் தன் கையை வைத்தாள்.

"தொடாதீங்க. அது அவங்களோடது."

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு முடியும். வெளியில உட்காருங்க."

அப்போது மணி இரண்டு இருபது. நடையில் ஒரு மரப் பெஞ்சு. முதுகு சாயக்கூட வசதியில்லை. மேலாளர் வந்து, வேண்டுமானால் ஐந்து நிமிடம் வேலையை நிறுத்தச் சொல்கிறேன் என்றார். தேவையில்லை, வேலை நேரத்தில் வந்தது என் தவறு என்று சொல்லிவிட்டேன். பிரதமரே வந்தாலும் காக்க வைக்கத்தானே வேண்டும்?

நான்கு அடித்தது. கைகழுவிவிட்டு வந்தாள். ஒரு நிமிடம் முன்னால் வரவில்லை, ஒரு நிமிடம் பின்னாலும் இல்லை. பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு எத்தனை விரிப்பு என்று கேட்டேன். "நூத்தி எண்பத்தாறு" என்றாள். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ம்." வீட்டுக்கு வர ஆசை இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பார்க்காமல் சொல்ல முடியாது என்றவள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்ன இடம் அது.

அரை மணி இருந்தோம். நாலரைக்கு எழுந்தாள்.

"எனக்கு இப்ப குளிக்கிற நேரம். நீங்க கிளம்புங்க. அடுத்த தடவை நாலுக்கு வாங்க."

கிளம்பினேன்.

இப்படிக்கு,
உன் அக்கா